இரண்டு காதும் தெரியும்படி

சியோபோ கிராமம்
ஏழாம் மாதம், இருபது

சியூகிம்,

சிவப்புதான். வேறு நிறம் கிடையாது. உயிரோடு இருப்பவரின் பெயர் முன்னோர் பலகையில் ஏறிவிட்டால் அதன்மேல் சிவப்புத் தாள் ஒட்டி மறைக்க வேண்டும். அப்பாவின் பலகையில் கிழக்கு வரி அப்பா. திறந்து கிடக்கிறது. மேற்கு வரி அம்மா. தாளுக்கு அடியில். நீ கல்லூரிக் கட்டுரைக்காகக் கேட்டிருக்கிறாய் என்று சொன்னதும் அம்மா அந்தத் தாளை விரலால் தட்டினார். "உள்ளதான் இருக்கேன், இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கேன்னு எழுது அவளுக்கு" என்றார். பிறகு, உன் வாத்தியாருக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்டார்.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். இருமல் விட்டதா? ஈரத் தலையோடு கடற்காற்றில் நிற்காதே. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் காலையில் வாந்தி. காரணம் உனக்குப் புரியும். எழுத வெட்கமாக இருக்கிறது.

'என்ன சொல்கிறார்கள் என்று வேண்டாம், என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்' என்றாய். எழுதுகிறேன். ஏழாம் மாதப் படையல் முடிந்தது. மேசையில் சிவப்புத் துணி. நடுவில் ஊதுபத்திச் சட்டி, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. முன்னோர் பலகைகள் இருக்கும் அலமாரியில் ஏழு பேர், அதனால் ஏழு கிண்ணம், ஏழு ஜோடி குச்சி. வாத்துக்கறியின் தலை அலமாரியைப் பார்த்து இருக்க வேண்டும். நான் மாற்றி வைத்து ஏச்சு வாங்கினேன்.

இந்த முறை எட்டாவதாக ஒரு கிண்ணமும் வைத்தோம். மேசைமேல் இல்லை. வாசற்படிக்கு வெளியே, தாழ்வான முக்காலியில். சோற்றின்மேல் முள்ளங்கி வற்றல் போட்ட முட்டை. அம்மாவே பொரித்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

உன் அண்ணன் இதைப் படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவார். என் எழுத்து தேறிவிட்டதாம். அந்தப் பெருமை சொல்லிக்கொடுத்த உனக்குத்தான். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி
கியோக்லான்


அமோய்
செப்டம்பர் 8, 1934

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது. உங்கள் வாந்திக்கு இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். இங்கே ஓர் ஆசிரியை அப்படித்தான் செய்கிறார். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தில் ஒரு பகுதியைப் பேராசிரியருக்கு வாசித்துக் காட்டினேன். தாளுக்கு அடியில் மூச்சு விடும் பெயர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிடித்திருந்தால் அப்படித்தான் செய்வார்.

எனக்குத் தோன்றுவது இது. நம் கூடத்தில் யாரும் எதையும் விளக்குவதில்லை. நிறம் சொல்லும். பக்கம் சொல்லும். மேசைமேலா, படிக்கு வெளியிலா என்பது சொல்லும். நான்கு வயதில் என்னை அந்த வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். இரண்டாவது மகன் தியன்ஹோக்குக்கு என்று பேசித்தான் தூக்கி வந்தார்கள். அதை யாரும் எனக்கு வாய்விட்டுச் சொன்னதில்லை. படையல் நாளில் என்னை எங்கே நிறுத்தினார்கள் என்பதை வைத்து நானே படித்துக்கொண்டேன். மகள்கள் நிற்கும் இடம் கதவோரம். நான் நின்றது உங்களுக்குப் பின்னால், மருமகளின் இடத்தில்.

அந்த எட்டாவது கிண்ணத்தை என்னால் தாண்ட முடியவில்லை. முள்ளங்கி வற்றல் போட்ட முட்டையை நம் வீட்டில் ஆசையாகச் சாப்பிட்டவர் ஒருவர்தான்.

தியன்ஹோக்கிடமிருந்து கடிதம் வந்ததா? எனக்கு அவர் கடைசியாக எழுதியது நாலாம் மாதம். தெற்குக் கடல் தேசத்து ரப்பர் தோட்டக் கடையில் வேலை அதிகம் என்று எழுதியிருந்தார். 'படிப்பை முடி. அதற்குப் பிறகு இந்தக் கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று நீயே சொல். என்னால் யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள்' என்றும் எழுதியிருந்தார். அந்தத் தாளைப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். என்னை ஒருவர் கேட்டது அது ஒரு தடவைதான்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள்.

சியூகிம்


சியோபோ
எட்டாம் மாதம், பதினேழு

சியூகிம்,

இஞ்சி கேட்கிறது. அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, ஆனால் சாப்பாடு குறைந்துவிட்டது. நீ நலமாக இருக்கிறாய் என்று படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

உன் கடிதத்தை அண்ணன் எனக்கு முன்னால் படித்துவிட்டார். எட்டாவது கிண்ணம் போகிற வருகிற அனாதை ஆவிகளுக்காம். ஏழாம் மாதத்தில் எல்லா வீட்டிலும் வைப்பதுதானே என்றார். "உங்க ரெண்டு பேருக்கும் படிப்பு ஏறினதுலேர்ந்து ஒரு கிண்ணத்தை வைக்க விட மாட்டேங்கறீங்க" என்று சிரித்தார். தியன்ஹோக் நலமாக இருக்கிறார் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

முன்னோர் படத்தைப் பூச்சி அரித்துவிட்டது. புதிதாக வரைய ஓவியர் கோ ஒன்பதாம் மாதம் வருகிறார். குடும்பம் முழுவதையும் வரைய வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதனால் உன் புகைப்படம் ஒன்று வேண்டும். நேர்முகமாக உட்கார வேண்டும். இரண்டு காதும் தெரிய வேண்டும். கைகள் சட்டைக் கைக்குள் மறைந்திருக்க வேண்டும். சிரிக்கக் கூடாது. அண்ணன் சொன்ன வரிசைப்படி எழுதியிருக்கிறேன்.

வீட்டு முகப்பைப் பற்றியும் கேட்டிருந்தாய். தெருவாசலில் வருஷப் பிறப்புக்கு ஒட்டிய சிவப்புத் தாள்கள் அப்படியே இருக்கின்றன. தியன்ஹோக் அறை வாசலில் மட்டும் உரித்துவிட்டு வெளிர்பச்சைத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். பழைய தாள் மழையில் சாயம் போய்விட்டது என்று அண்ணன் சொன்னார்.

வேறு சேதி இல்லை. ஆறாம் மாதத்திலிருந்து இங்கே ஒரு துளி மழை இல்லை. சர்க்கரைவள்ளிக் கொடி கருகிவிட்டது. கிணற்றுக்கு இரண்டாவது கயிறு கட்டியிருக்கிறோம்.

வெயிலில் அலையாதே.

அண்ணி


அமோய்
அக்டோபர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். அம்மாவைக் கஞ்சியாவது குடிக்கச் சொல்லுங்கள். வயிற்றில் இருப்பது அசைய ஆரம்பித்துவிட்டதா?

புகைப்படம் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரி இல்லை. துறைமுகச் சுவரோரம் தோழி எடுத்தது. முகம் பாதி திரும்பியிருக்கும். முடியை வெட்டிக்கொண்டேன், அதனால் ஒரு காதுகூடச் சரியாகத் தெரியாது. அம்மாவிடம் காட்டும் முன் முடி விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உட்காரத்தான் போனேன், அண்ணி. ஸ்டூடியோ வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

கட்டுரையில் இந்த வாரம் எழுதிய பகுதி: உயிரோடு இருப்பவரை வரையும்போது முகம் சற்றுத் திரும்பியிருக்கும். பூவைப் பார்ப்பார், குழந்தையைப் பார்ப்பார், ஒரு காது மறைந்திருக்கும். இறந்தவரை வரையும்போதுதான் நேர்முகம். இரண்டு காதும், ஏனென்றால் இனி வேண்டுதல்களைக் கேட்பதுதான் அவர் வேலை. கை தெரியாது, ஏனென்றால் இனி அவர் செய்ய ஒன்றுமில்லை. அந்த முகம் எதையும் பார்ப்பதில்லை. பார்க்கப்படுவதற்காக நேராக வைக்கப்பட்டிருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் வாசலின் சிவப்புத் தாளை உரித்துவிட்டு வேறு நிறம் ஒட்டுவார்கள் என்பதும் அதே பகுதியில் வருகிறது.

இதை எழுதி முடித்து உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். மழை பற்றி ஓரிடத்தில். மழை பற்றி இன்னோரிடத்தில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அவரிடமிருந்து கடிதம் வந்ததா?

சியூகிம்


சியோபோ
ஒன்பதாம் மாதம், பன்னிரண்டு

தங்கை சியூகிம் அறிவது,

நீ நல்ல உடல்நலத்தோடு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா முதல் அனைவரும் நலம்.

அனுப்பிய படம் உதவாது. முன்பு எழுதியபடி எடுத்து அனுப்பவும்.

குளிர்காலப் படையலுக்கு நீ வீட்டுக்கு வர வேண்டும். அன்று நல்ல நாள். உனக்கும் தியன்ஹோக்குக்கும் கல்யாணத்தை முடித்துவிட அம்மா தீர்மானித்திருக்கிறார். தோட்டத்தில் விடுப்புக் கிடைக்காததால் அவன் வர முடியவில்லை. வழக்கம்போல் அவனுக்குப் பதிலாகச் சேவல் நிற்கும். தெருவில் நாலு வீட்டு மருமகள்கள் அப்படித்தான் வந்தார்கள், எல்லோரும் நன்றாகவே இருக்கிறார்கள். படிப்பு இதுவரை படித்தது போதும் என்பது பெரியவர்கள் கருத்து.

உன் அண்ணிக்கு இரண்டாம் மாதம் பிரசவம். ஆண் குழந்தை பிறந்தால் அதை உங்கள் கிளைக்குத் தத்துக் கொடுத்துவிடுவதாகவும் முடிவு. நீ வந்த கையோடு உனக்கு ஒரு மகனும் இருப்பான். இதைவிட ஒரு குடும்பம் என்ன செய்ய முடியும்?

பயணத்தில் குளிர் தாக்காமல் கனமான உடை எடுத்து வை.

அண்ணன்


அமோய்
நவம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு ஒன்றுமில்லை. தூக்கம் சற்றுக் குறைவு.

அண்ணன் எழுதினார். நீங்கள் எழுதவில்லை. அவர் கடிதத்தின் ஓரத்திலாவது உங்கள் கையெழுத்து இருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மூன்றே மாதத்தில் வேலைக்குப் போகலாம், அண்ணி. தீவுப் பள்ளி ஒன்றில் கடைசித் தேர்வுக்கு முன்பே இடம் தருவதாகச் சொல்கிறார்கள். முப்பது குழந்தைகள். ஒரு சிறிய அறை. ஜன்னல் கடலைப் பார்த்து இருக்கும். இதை இங்கே யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

உயிரோடு இருக்கிற இருபத்தேழு வயது மனிதருக்கு, கல்யாணம் ஆன அன்றே தத்துப் பிள்ளை எதற்கு? இதை நான் அண்ணனைக் கேட்க மாட்டேன். அவர் பதில் சொல்லிவிடுவார்.

உங்களிடம் கேட்பது கட்டுரைக்காக ஒன்றுதான். நம் பின்வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தில் சேவலை நான் பிடித்துக்கொண்டு நின்றேன், ஞாபகம் இருக்கிறதா? அது சிவப்புச் சேவல். மாப்பிள்ளை தெற்குக் கடல் தேசத்தில் எங்கோ நலமாக இருந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது. அங்கே நிறுத்தியது வெள்ளைச் சேவல். அந்த மாப்பிள்ளை திரும்பி வரவே போவதில்லை என்று ஊருக்கே தெரியும். அந்தப் பெண் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். தெருவுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

நம் வீட்டில் வளர்ப்பது என்ன நிறம்?

சியூகிம்


சியோபோ
பத்தாம் மாதம், பதினாறு

சியூகிம்,

பதில் தாமதமாகிவிட்டது. உன் கடிதம் என் கைக்கு வரவே பத்து நாள் ஆயிற்று. நான் சுகம். உள்ளே இருப்பது உதைக்கிறது. நீ தூங்கு. தூங்காவிட்டால் கண்ணுக்குக் கீழே கருத்துவிடும், அண்ணன் கேட்ட புகைப்படத்தில் அது தெரியும்.

ஓவியர் கோ வந்து ஒரு மாதமாகிறது. மூக்கு மட்டும் முப்பது வகை வரைந்த புத்தகம் ஒன்று வைத்திருக்கிறார். "உங்க மாமனாருக்கு இதுல எதும்மா?" என்று என்னைக் கேட்டார். நான் பதினெட்டாவதைக் காட்டினேன், அம்மா இருபத்திரண்டாவது என்றார், அரை நாள் சண்டை. உயிரோடு இருப்பவர்களை ஏன் வரைவதில்லை என்று கேட்டேன். "அதுங்க மூஞ்சி அசையுதும்மா. செத்தவங்கதான் சொன்னபடி உட்காருவாங்க" என்றார். படம் முடியப்போகிறது. கடைசி வரிசையில் மேற்குப் பக்கம் முகத்துக்கான ஒரு நீள்வட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

அலமாரியைத் துடைத்து வைத்துவிட்டோம். முன்பு ஏழு பேர். இடம் போதவில்லை என்று தச்சர் ஒரு படி கூட்டியிருக்கிறார்.

செருப்புப் பூவேலைக்கு மாதிரி கேட்டிருந்தாயே, வெட்டி வைத்திருக்கிறேன். சேவல்தான் வெட்டினேன். எப்போதும் சிவப்பில் வெட்டுவோம். வீட்டில் இருந்த சிவப்புத் தாள் வேறொரு வேலைக்குப் போய்விட்டது. அதனால் கையில் கிடைத்த தாளில் வெட்டினேன். அண்ணன் பார்த்துவிட்டு, வால் நன்றாக வந்திருக்கிறது என்றார்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. கழுத்தை மூடிக்கொள்.

அண்ணி


அமோய்
டிசம்பர் 1

அன்புள்ள அண்ணிக்கு,

நான் செருப்புக்கு மாதிரி கேட்கவே இல்லை. இந்தத் தாளை உங்களுக்குத் தைத்த செருப்பின் அட்டைக்குள் வைத்திருக்கிறேன்; வரும் தேதியும் கடைசிக் கேள்வியும் மட்டும் எழுதிய தாள் அண்ணனுக்கு.

உறையைப் பிரித்ததும் சேவல் மேசையில் விழுந்தது. வெள்ளைத் தாள். மேசையும் வெள்ளை. முதலில் அதை நான் பார்க்கவே இல்லை. பிறகு கொண்டை தெரிந்தது. பிறகு வால்.

நலமாக இருக்கிறீர்கள் அல்லவா? அம்மா சாப்பிடுகிறாரா? இனிமேல்தான் அவர் சாப்பிட வேண்டும்.

மாதிரி மிகவும் அழகாக இருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லுங்கள். அவர் கடிதத்துக்கும் இதுவே பதில்: இருபதாம் தேதிப் படகில் வருகிறேன். கனமான உடை எடுத்து வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. அழவும் வரவில்லை. பத்து வயதில் எனக்கு அவர் நத்தை பிடித்துக் கொடுத்தார். பதினோரு வருஷமாக நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. யாருக்காக அழுவது என்று சரியாகத் தெரியவில்லை. நீயே சொல் என்று எழுதிய கை ஒன்று இருந்தது. அது இப்போது சட்டைக்குள் போய்விட்டது.

கட்டுரைக்கு ஒரு கடைசிக் கேள்வி. இதோடு உங்களைத் தொந்தரவு செய்வதை விடுகிறேன். பலகையில் ஒட்டிய சிவப்புத் தாள் தவறி விழுந்தால் என்ன ஆகும்? அம்மா பெயர்மேல் இருப்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்தி ஏற்றி, மது ஊற்றி, பெரியவர்கள் எல்லோரும் நிற்கும்போது தாள் இல்லை என்றால்? பார்ப்பவர்கள் பெயரை நம்புவார்களா, எதிரில் நிற்கும் ஆளை நம்புவார்களா?

சியூகிம்


சியோபோ
பதினோராம் மாதம், எட்டு

சியூகிம்,

எனக்குக் கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி சுகம். அம்மா கஞ்சி குடிக்கிறார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

உன் கேள்வியை அண்ணனே பெரிய சித்தப்பாவிடம் கேட்டுச் சொன்னார். படித்த தங்கை கேட்கிறாள் என்று பெருமையாகத்தான் கேட்டார். சித்தப்பா சொன்னது: சாதாரண நாளில் விழுந்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். மூன்றாவது கோப்பை ஊற்றிய பிறகு திறந்திருக்கும் பெயரை முன்னோர்கள் படித்துவிடுவார்கள். அவர்கள் படித்தது படித்ததுதான். ஆள் எதிரில் நின்றால் பரிகாரம் உண்டு. அதற்குத்தான் ஆள் நிற்க வேண்டும்.

சித்தப்பா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

இந்த வருஷப் படையலுக்குச் சிவப்பு உருண்டை பிடிக்க வேண்டாம், அரிசிமாவில் வெள்ளை உருண்டை மட்டும் போதும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். எனக்கு வேலை பாதி மிச்சம்.

வரும் வழியில் அலை அதிகமாம். இந்தப் பருவத்தில் படகுகள் தவறிப்போவது உண்டு. தவறிப்போனால் யாரும் உன்மேல் கோபப்பட முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள். அதை மட்டும் பார்த்துக்கொள்.

அண்ணி


சியோபோ
பதினோராம் மாதம், இருபது

சியூகிம்,

இதை அண்ணன் படிக்கவில்லை. ஓவியர் கோ அமோய்க்கு வருகிறார். அவருடைய மூக்குப் புத்தகத்துக்குள் வைத்து அனுப்புகிறேன். அதனால் முதல்முறையாக எல்லாவற்றையும் எழுதுகிறேன். நீ நலமாக இருக்க வேண்டும். இந்த வரிக்கு இன்றைக்கு எனக்கு அர்த்தம் இருக்கிறது.

தியன்ஹோக் ஐந்தாம் மாதம் காய்ச்சலில் இறந்துபோனார். தோட்டத்திலிருந்து திரும்பிய ஓர் ஆள் அவருடைய சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். கல்யாணம் ஆகாதவர், பிள்ளை இல்லாதவர். அலமாரியில் அவருக்கு இடம் கிடையாது. படிக்கு வெளியே முக்காலியில்தான் சாப்பிட வேண்டும். அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. நீ வந்தால் அவர் உள்ளே வரலாம். எனக்குப் பிறப்பதை உன் மடியில் வைத்துவிட்டால் அவருக்குப் பத்தி ஏற்ற ஆளும் ஆகிவிடும். உன்னிடம் சொன்னால் வர மாட்டாய், அதனால் யாரும் சொல்லக் கூடாது. உன் கேள்விகளை அண்ணன் வெறும் கட்டுரைப் பேச்சு என்று விட்டுவிட்டார். அம்மா கெட்டவர் இல்லை. ஒவ்வொரு நாளும் அந்த முக்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதுப் பலகை தயாராக இருந்தது. கிழக்கு வரி அவர். மேற்கு வரி நீ, சிவப்புத் தாளுக்கு அடியில்.

அண்ணன் இரண்டு நாள் படகுத்துறையில் நின்றுவிட்டு வந்தார். பெரியவர்கள் பதினோரு பேர் கூடிவிட்டார்கள். பெண் வழியில் நோயாகிவிட்டாள், பலகையை வைத்துச் சடங்கை முடித்துவிடலாம் என்று அண்ணன் சொன்னார். முடிந்திருந்தால், உன்னை அழைத்துவர மறுநாளே இரண்டு சித்தப்பாக்கள் கிளம்புவதாக இருந்தது. பெயருக்குரியவள் உயிரோடு இருக்கிறாள் அல்லவா? பிறகு நீ எந்தப் பள்ளியில் வேலை செய்தாலும் இந்த வீட்டுச் சொத்து.

காலையில் உருண்டைச் சட்டியை நான்தான் கூடத்துக்குத் தூக்கிப் போனேன். அலமாரிக்கு முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன். ஆவி எழுந்தது. சூடு ஆறட்டும் என்று நிற்பதுபோல் நின்றேன். அரிசிப் பசை அல்லவா, இளகிவிட்டது. ஒரு மூலையைத்தான் நான் தொட்டேன். தாள் என் கையோடு வந்துவிட்டது. சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பலகைக்கு முன்னால் திரையை இழுத்துவிட்டேன். மூன்றாவது கோப்பை ஊற்றிய பிறகுதான் திரையை விலக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். உனக்காக எத்தனை தடவை பார்த்து எழுதியிருக்கிறேன்.

விலக்கினார்கள். பெரிய சித்தப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு வரியையும் உரக்கப் படித்தார். தியன்ஹோக் பெயர். பிறகு உன் பெயர். வெள்ளைச் சேவல் கூடைக்குள் அசைந்தது.

"எப்பய்யா போனா?" என்று சித்தப்பா கேட்டார். "நோய்னுதான சொன்ன?"

அண்ணன் அலமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மருமகளாகப் பேசி வளர்த்த பெண் ஓடிவிட்டாள், எங்கள் வீட்டிலேயே ஒருவர் தாளைக் கிழித்துவிட்டார் என்று பதினோரு பேர் முன்னால் அவரால் சொல்ல முடியுமா?

"நேத்துதான் சேதி வந்துச்சு. காய்ச்சல்" என்றார்.

அவ்வளவுதான். அப்படியானால் இன்னும் சுலபம் என்றார்கள். இரண்டு பேரையும் சேர்த்தே வணங்கினார்கள். உனக்கு ஒரு கிண்ணம் வைத்தார்கள். முக்காலியை உள்ளே எடுத்தாயிற்று.

என் விரலில் சாயம் ஒட்டியிருந்தது. சிவப்பு உருண்டை பிடித்த கை என்று நினைத்திருப்பார்கள். இந்த வருஷம் நாங்கள் சிவப்பு பிடிக்கவில்லை என்பது ஒருவருக்குத்தான் நினைவுக்கு வந்தது. அம்மா அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"போய்க் கழுவு" என்றார். பிறகு அவரே தண்ணீர் மொண்டு ஊற்றினார்.

உனக்காக மட்டும் செய்தேன் என்று நினைக்காதே. பிறப்பது பையன் என்றால் குடும்ப ஏட்டில் அவன் உனக்கும் தியன்ஹோக்குக்கும் மகன். ஆனால் தாய் இல்லாத பிள்ளையை யாராவது வளர்த்துத்தானே ஆக வேண்டும்? என் பாலைக் குடித்து என் பக்கத்திலேயே கிடப்பான். விசேஷ நாளில் உன்னைக் கும்பிடுவான். கும்பிடச் சொல்லிக்கொடுப்பேன்.

இனி வராதே. அண்ணன் உன்னைத் தேட மாட்டார், தேடினால் அவர் சொன்னது பொய்யாகிவிடும். நீ இந்தத் தெருவில் வந்து நின்றால் பரிகாரம் செய்துவிடுவார்கள். இனி உனக்கு எழுதவும் மாட்டேன். செத்தவர்களுக்கு நாங்கள் தாள் எரிப்போம், கடிதம் எழுதுவதில்லை.

ஒன்றே ஒன்று. படத்தில் அந்த நீள்வட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அம்மா தினமும் அதற்கு எதிரில் உட்காருகிறார். முகம் இல்லாமல் மாட்டினால் எப்போது வேண்டுமானாலும் யாராவது கேள்வி கேட்பார்கள். கோ மூக்குப் புத்தகத்தைப் பார்த்து வரைந்துவிடுகிறேன் என்றார். அம்மா கூடாது என்றார். கோ அங்கே நாலு நாள் இருப்பார்.

கழுத்தை மூடிக்கொள். கடற்காற்று.

கியோக்லான்


அமோய்
ஜனவரி 2, 1935

அன்புள்ள அண்ணிக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? அம்மாவுக்கு முழங்கால்? கேட்க வேறு வழி இல்லாததால் கேட்டு வைக்கிறேன். இது உங்களுக்கு வராது. உங்கள் பக்கம் எரிப்பது எனக்கு வருமென்றால், இங்கே எரிப்பதும் எங்காவது வந்து சேரும். எழுதி முடித்ததும் விடுதி அடுப்பில் வைத்துவிடுவேன்.

படகு கிளம்பிய அன்று நான் துறைமுகத்தில்தான் இருந்தேன். பெட்டியோடு. சங்கு ஊதியது. படகில் ஏறும் பலகையை எடுத்துவிட்டார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அதைத் தைரியம் என்று சொல்ல முடியாது.

கட்டுரையைக் கொடுக்கவில்லை. பேராசிரியரிடம் முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். 'உள்ளே இருந்து எழுதுவதுதான் உன் பலம்' என்றார். எந்த உள்ளே என்று அவருக்குத் தெரியாது.

தீவுப் பள்ளியில் சம்மதம் சொல்லிவிட்டேன். வேறு பெயர் கொடுத்தேன். எழுத்தர் ஏன் என்று கேட்கவில்லை.

முப்பது வருஷம் கழித்து ஒருவன் அந்தக் கூடத்தில் நின்று என்னைப் பார்ப்பான். ஏதாவது கேட்பான். தேர்வு, மழை, அவனுக்கு ஒரு குழந்தை. அப்போது நான் எங்கோ கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அவன் உங்கள் மகன் என்பதால் அதைத் தாங்கிக்கொள்ள முடிகிறது.

இன்று காலை கோ தங்கியிருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டேன். பிறகு ஸ்டூடியோவுக்குப் போனேன். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. முடியை நனைத்துக் காதுகளுக்குப் பின்னால் ஒதுக்கி ஊசி குத்தினேன். கைகளைச் சட்டைக் கைக்குள் விட்டுக்கொண்டேன். நேராக உட்கார்ந்தேன். படம் எடுப்பவர், கொஞ்சம் திரும்பிச் சிரித்தால் நன்றாக இருக்கும் என்றார். வேண்டாம் என்றேன். மாலையில் படம் கிடைத்தது. கோவின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.